மூன்று நாள் குறைவு

மருத்துவப் படிப்புக்கு நான் போட்ட முதல் விண்ணப்பத்துக்குப் பதிலாக வந்த கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியன்று பதினேழு வயது பூர்த்தியாகவில்லை, ஆகவே நிராகரிக்கப்படுகிறது. மார்க் போதாது என்று வந்திருந்தால் இரண்டு நாள் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். மார்க் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கையும் நுழைவுத்தேர்வு மார்க்கையும் கூட்டினால், அந்த வருடம் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையைவிட எனக்கு இரண்டு மார்க் அதிகம். வயதுதான் பத்தவில்லை. எவ்வளவு பத்தவில்லை? மூன்று நாள். பள்ளிச் சான்றிதழ்படி நான் பிறந்தது ஜனவரி மூன்று.

நான் ஜனவரியில் பிறக்கவே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது பிறந்தேன். எங்கள் ஊரில் பெரிய கிணறு வெட்டிய வருடம். அம்மாவைக் கேட்டால் எந்தக் கொல்லையில் வலி எடுத்தது, அரிவாளை யார் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள் என்பதுவரை சொல்வாள். ஆனால் வெள்ளிமலையிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்த எங்கள் ஊரில் அதையெல்லாம் எழுதிவைக்க அன்றைக்கு ஆள் கிடையாது.

ஜனவரி மூன்று அப்பாவின் வேலை. என்னைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது வாத்தியாரிடம், "வருசத்த ஒண்ணு தள்ளிப் போடுங்க சார். நாளைக்கு கெவுர்மெண்டு உத்தியோகத்துக்குப் போனா வயசு கம்மியா இருந்தாதான நல்லது" என்று கேட்டிருக்கிறார். வாத்தியாரும் மகராசனாகத் தள்ளிப் போட்டுவிட்டார். நவம்பரிலிருந்து ஜனவரிக்குத் தள்ளினால் வருடம் மாறிவிடும் அல்லவா, அதுதான் கணக்கு. அதோடு விட்டாரா? ஒன்றாம் வகுப்பு முடிந்ததும், "இது வெவரமான புள்ள" என்று சொல்லி இரண்டில் உட்காரவைக்காமல் நேரே மூன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தார். அப்பா அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒருவர் வயதைக் குறைத்தார், இன்னொருவர் படிப்பைச் சீக்கிரம் முடிக்கவைத்தார். இரண்டும் சேர்ந்து பத்து வருடம் கழித்து என் தலையில் இறங்கியது.

என்மேலும் தப்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். விண்ணப்பத்தோடு வந்த விளக்கப் புத்தகத்தில் வயது பற்றிய பத்தி இருந்தது. பாடத்திட்டம் இருந்த பக்கத்தைக் கிழியும்வரை படித்த நான் அந்தப் பத்தியைப் படிக்கவில்லை. வயதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்திருப்பேன்.

கடிதம் வந்த அன்று அப்பா சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நான் கடிதத்தோடு ஓடியதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"இன்னாம்மா போட்டுக்கிறான்?"

சொன்னேன். அவருக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று.

"மூணு நாளா? ஒரு மூணு நாள் பொறுத்துக்கினா ஆவாதா அவனுக்கு?"

"நீ பொறுத்துக்கினியா? உன்ன யாரு தேதிய மாத்தச் சொன்னது? உன் புத்திசாலித்தனத்தக் கொண்டுபோயி அடுப்புல போடு!"

அப்பாவை அதுவரை நான் அப்படிப் பேசியதில்லை. அவர் மறுபடி குனிந்து களை எடுக்க ஆரம்பித்தார். எனக்கு அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்தினேன். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் அம்மா மூலமாகத்தான்.

அடுத்த வாரம் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினோம். கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல். அப்பா உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, செருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "நீ போய்க் கேட்டுக்கினு வா" என்றார். குற்றவாளி வெளியில், வாதி உள்ளே என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே போனேன்.

வக்கீல் சான்றிதழைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பள்ளிக்கூடத்துத் தேதிய மாத்தக் கேஸ் போடலாம்மா. முடியறதுக்கு ரெண்டு வருசமோ மூணு வருசமோ. அதுக்குள்ள உனக்கு வயசு தானா வந்துடும், போ." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்க. பள்ளிக்கூடத்துக் காகிதத்துல ஒரு தேதி, வேற காகிதத்துல இன்னொரு தேதின்னு ரெண்டையும் ஒண்ணா எவன் கண்ணுலயும் காட்டிடாத. ரெண்டுல ஒண்ணு பொய்யின்னு ஆயிடும். அப்புறம் இந்த வருசம் மட்டும் இல்ல, எந்த வருசமும் உள்ள வுடமாட்டான்."

வெளியே வந்தேன். "இன்னா சொன்னாரு?" என்று அப்பா எழுந்தார். நான் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். அவருக்குப் பதில் சொல்லவில்லை. அந்த ஒரு பதிலைச் சொல்லியிருந்தால் பின்னால் நடந்ததில் பாதி நடந்திருக்காது.

ஆக, ஒரு வருடம் காத்திருப்பது என்று ஆயிற்று. காத்திருப்பதிலும் ஒரு சிக்கல். நுழைவுத்தேர்வு மார்க் அந்தந்த வருடத்துக்குத்தான் செல்லும். போன வருடம் எடுத்தது குப்பை, மறுபடி எழுதியாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் அப்படியே இருக்கும், வேண்டுமானால் இம்ப்ரூவ்மென்ட் என்று அதையும் மறுபடி எழுதலாம். எங்களோடு படித்தவர்கள் பாதிப்பேர் அதைத்தான் செய்தார்கள். மார்ச்சில் இம்ப்ரூவ்மென்ட், மே மாதம் நுழைவுத்தேர்வு. இரண்டையும் தலையில் ஏற்றிக்கொண்டால் இரண்டிலும் கோட்டை விடுவேனோ என்று பயம். ஏற்றிக்கொள்ளாவிட்டால், அவர்கள் எல்லாரும் மார்க்கைக் கூட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விடுவார்களோ என்று அதைவிடப் பெரிய பயம். கட்-ஆஃப் வருடா வருடம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. போன வருடம் கையில் வைத்திருந்த இரண்டு மார்க் இந்த வருடம் எந்த மூலைக்கு?

கடைசியில் நுழைவுத்தேர்வு மட்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகும் மார்ச் மாதம் நிம்மதியாகப் போகவில்லை. கள்ளக்குறிச்சியில் கூடப் படித்த ஒருத்தி எழுதியிருந்தாள், பயாலஜி ரொம்ப ஈசி, நீ ஏன் எழுதல என்று. அந்தக் கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன்.

ஊரில் வேறு கிண்டல். தண்ணீர் எடுக்கப் போனால், "டாக்டரம்மா, இடுப்பு வலிக்குது, ஊசி போடறியா?" என்பார்கள். "போடறேன், நாக்குல போடறேன்" என்று சொல்லிவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்து அழுவேன்.

அந்த வருடம் அப்பா அடிக்கடி மலை இறங்கினார். கேட்டால், "மண்டியில புளி போட்டுட்டு வரேன்" என்று அம்மாவிடம் சொல்வார். புளி இல்லாத மாதத்திலும் புளி போட்டுவிட்டு வந்தார். நான்தான் அவரோடு பேசுவதில்லையே, எதைக் கேட்பது? ஒருமுறை அம்மாவையும் கூட்டிப்போனார். அவளும் வாய் திறக்கவில்லை.

மே மாதம் விழுப்புரத்தில் தேர்வு. விடைத்தாளில் முதலில் பிறந்த தேதிக்கான வட்டங்களைப் பென்சிலால் கறுப்பாக்கச் சொன்னார்கள். பூஜ்யம், மூன்று, பூஜ்யம், ஒன்று. எவ்வளவு அழுத்தினேனோ, மூன்றை நிரப்பும்போது பென்சில் முனை முறிந்தது. சீவிவிட்டு மறுபடி நிரப்பினேன். வயது பத்தாமல் திரும்பினவள் இந்தத் தடவை மார்க் பத்தாமல் திரும்பினால் ஊரில் எந்த முகத்தோடு இருப்பேன் என்பதே மண்டைக்குள் ஓடியது. முதல் பத்துக் கேள்வி கண்ணில் ஏறவே இல்லை. பிறகு விலங்கியல் கேள்விகள் வந்தன. எல்லாம் தெரிந்தவை. அதைப் பிடித்துக்கொண்டு எழுதி முடித்தேன்.

தேர்வு முடிவு வருவதற்கு முன்பே மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். இந்தத் தடவை விளக்கப் புத்தகத்தின் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். கேட்ட சான்றிதழ்கள், கேட்ட வரிசை, அவ்வளவுதான், ஒன்றுகூட அதிகம் இல்லை. கடைசித் தேதிக்கு எட்டு நாள் முன்னால் பெரிய கவரில் போட்டு வைத்தேன். அன்று காலையிலிருந்து எனக்குக் காய்ச்சல். அப்பா, "நான் போய் ரிஜிஸ்தர் பண்ணிட்டு வரேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் கவரை அம்மாவிடம் நீட்டினேன், அம்மா அப்பாவிடம் கொடுத்தாள். கவரை ஒட்டிக் கொடுக்காதது என் புத்தி. அங்கே தபால் ஆபீசில் பசை இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

மத்தியானம் வெயிலில் வேர்த்து ஊற்றத் திரும்பி வந்தார். முகத்தில் ஒரு வருடமாகப் பார்க்காத சிரிப்பு. நேராக என்னிடமே வந்தார்.

"அனுப்பிட்டேம்மா. உன் பொறப்பு சர்டிபிகேட்டையும் சேத்து வெச்சிட்டேன். அசலு!"

"எது?"

"நெசமான தேதி போட்டது. கார்த்திகை. மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வாங்கி எடுத்தது. உங்கம்மா வந்து சாட்சி சொல்லிச்சி. இனிமே எவன் கொறைச்சலுன்னு சொல்லுவான்?"

புளி போடப் போனது இதற்குத்தான். எட்டு மாதம் அலைந்திருக்கிறார்.

எங்கள் மலையில் இது ஒரு பழக்கம். எந்த ஆபீசுக்கு எந்த மனு போட்டாலும் கையிலிருக்கிற காகிதம் அத்தனையையும் சேர்த்துக் குத்திவிடுவார்கள். ரேஷன் கார்டு நகல், பட்டா நகல், யாரோ எப்போதோ கொடுத்த கடிதம், எல்லாம். ஒரு காகிதம் இல்லை என்று சொல்லி ஆபீசில் திருப்பி அனுப்பினால் மலை ஏறி இறங்க ஒரு நாள் போகும், கூலி போகும். அதிகமாக வைத்ததற்காக யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் அப்பா வைத்தார். ஒரே கவருக்குள் இப்போது ஜனவரியும் கார்த்திகையும் சேர்ந்து சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தன.

என்ன கத்தினேன் என்று நினைவில்லை. காய்ச்சல் எங்கே போயிற்று என்றும் தெரியாது. நாலு மைலும் ஓட்டமும் நடையுமாக வெள்ளிமலைக்கு வந்தேன். தபால் பை ரெண்டு மணி பஸ்ஸில் இறங்கிவிட்டது. கள்ளக்குறிச்சி பெரிய தபால் ஆபீசில் பிரித்து, சாயங்காலம் அஞ்சரைக்கு மெயில் வேனில் ஏற்றிவிடுவார்கள் என்றார்கள். அடுத்த பஸ் ஆறு மணிக்கு. ஒரு ஜீப் நின்றிருந்தது. ஆள் நிறையாமல் எடுக்கமாட்டேன் என்றார் டிரைவர்.

"இன்னும் அஞ்சு பேரு ஏறட்டும்மா. வெறும் வண்டிய எங்க ஓட்டறது?"

"யோவ், என் உசுரு போய்க்கினு இருக்குது, நீ ஆள் எண்ணிக்கினு இருக்கிற!"

உள்ளே கடுக்காய் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், "எடுய்யா வண்டிய, பொண்ணு மூஞ்சியப் பாத்தியா?" என்று அதட்டினாள். பின்னால் அப்பா மூச்சிரைக்க ஓடி வந்து கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டார். தோளில் எப்போதும் மாட்டியிருக்கும் அந்த மஞ்சள் பை. அவர் வந்ததைப் பார்த்ததும் எனக்கு இறங்கிவிடலாமா என்றிருந்தது.

வளைவுக்கு வளைவு வண்டி முனகியது. கச்சிராயபாளையத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். நான் டீக்கடை வாசலிலேயே போய் நின்று, அவர் ஒவ்வொரு வாய் குடிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்து பாதி டீயை வைத்துவிட்டு வந்தார். கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது மணி ஐந்தேகால்.

தபால் ஆபீஸ் கவுன்டரில் இருந்தவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "போட்டது போட்டதுதாம்மா. திருப்பிக் குடுக்க இது இன்னா மளிகைக் கடையா?"

"அனுப்பினவங்க எழுதிக் குடுத்தா, வண்டி ஏறாத தபால திருப்பி வாங்கலாங்க. ரூல் இருக்குதுங்க." அப்படி ஒரு ரூல் இருப்பது எனக்கு உறுதியாகத் தெரியாது. பதற்றத்தில் அடித்துவிட்டேன்.

அவர் கொஞ்சம் நிமிர்ந்தார். "இருக்குது. ஆனா நீதான் அனுப்பினவன்னு எனக்கு எப்படித் தெரியும்? ரசீது எங்க? உன் பேர்ல, உன் போட்டோவோட எதுனா இருக்குதா?"

என் கையில் ஒன்றும் இல்லை. போட்ட துணியோடு ஓடி வந்திருந்தேன். வெளியே மெயில் வேன் பின்னுக்கு வந்து நின்று ஹாரன் அடித்தது.

அப்பா மஞ்சள் பையைக் கவுன்டர்மேல் கவிழ்த்தார். ரசீது. ரேஷன் கார்டு. பட்டா நகல். என் பத்தாம் வகுப்பு மார்க் நகல். அதற்கு அடியில், போட்டோ ஒட்டிய என் நுழைவுத்தேர்வு ஹால் டிக்கெட். நான் விழுப்புரத்திலிருந்து வந்து எறிந்ததை எடுத்து வைத்திருந்தார்.

கவுன்டர்காரர் அந்தக் குவியலைப் பார்த்தார், ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எழுதிக் குடு, சீக்கிரம்" என்று வெள்ளைத் தாளை நீட்டிவிட்டு உள்ளே போனார். நான் எழுதி முடிக்கும்போது கவர் வந்துவிட்டது. அவர் எதிரிலேயே பிரித்து அந்தச் சான்றிதழை உருவினேன். புது முத்திரை, புது மை. என் பெயர், அம்மா பெயர், அப்பா பெயர், கார்த்திகை தீபத்துக்கு மறுநாளின் தேதி. பிறந்ததற்கு எனக்கு இருந்த ஒரே உண்மையான காகிதம். அதை அப்பா பக்கம் தள்ளிவிட்டு, கவரைப் பசை போட்டு ஒட்டி மறுபடி கொடுத்தேன். அது அன்றைய வேனிலேயே ஏறிப்போயிற்று.

வெளியே வந்ததும் ஒரு வருடத்துக் கோபத்தையும் கொட்டினேன். வக்கீல் சொன்னது, இரண்டு தேதி ஒன்றாகத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது, எல்லாம். பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா முழுவதையும் கேட்டார்.

"வக்கீலு சொன்னாரா? எங்கிட்ட நீ சொல்லவே இல்லியேம்மா."

சொல்லவில்லைதான். அன்றைக்குச் செருப்புக்குப் பக்கத்திலிருந்து எழுந்து கேட்டாரே, அப்போது சொல்லியிருக்கலாம். அவரைத் தண்டிப்பதாக நினைத்து வாயை மூடிக்கொண்டு, என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொள்ளப் பார்த்தேன். அதைச் சொல்வதற்குப் பதில், "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றேன். மத்தியானம் கேட்ட அந்த 'எது?'வை விட்டால், ஒரு வருடத்துக்குப் பிறகு கத்தாமல் அவரிடம் நான் பேசியது அதுதான். திரும்பும் வழியெல்லாம் அவர் அந்தச் சான்றிதழை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

நுழைவுத்தேர்வில் போன வருடத்தைவிட நன்றாகவே எடுத்திருந்தேன். சென்னைக்குக் கவுன்சலிங் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அப்பாவும் நானும் போனோம். போகும் முன் மஞ்சள் பையை நான் ஒருமுறை சோதித்தேன். அந்தப் பிறப்புச் சான்றிதழ் அதில் இல்லை.

கூடத்தில் வரிசையாக மேஜைகள். சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையில் இருந்தவர் என் காகிதங்களை மெதுவாகப் புரட்டினார். பிறந்த தேதியில் விரல் நின்றது. பக்கத்திலிருந்த பழைய பேரேட்டை எடுத்துப் பார்த்தார்.

"போன வருசம் மூணு நாள்ல திரும்பினது நீதானா?"

"ஆமாங்க சார்."

"மலைப் பக்கத்துல பாதிப்பேர் தேதி இஷ்டத்துக்கு எழுதினதுதான்" என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிவிட்டு, என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்தார். "ஏன் பெரியவரே, நெஜத்தச் சொல்லுங்க. உங்க பொண்ணு எப்பதான் பொறந்துச்சு?"

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. புளிப் பொய்கூட அம்மாவிடம்தான், அதுவும் அவளுக்குத் தெரிந்த பொய். அந்தத் தேதிக்காகத்தான் எட்டு மாதம் ஆபீஸ் ஆபீசாக நின்றார். திரும்பி அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஜனவரி மூணுங்க" என்றார் அப்பா.

"அவ்ளோ நிச்சயமாச் சொல்றீங்க?"

"பெத்தவனுக்கு மறக்குமாங்க?"

சரிபார்த்தவர் சிரித்துவிட்டு முத்திரையைக் குத்தினார். அடுத்த மேஜைக்குப் போகச் சொன்னார். அரைமணி நேரத்தில் ஒரு கல்லூரியின் பெயர் எழுதிய தாள் என் கையில் இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்றோம். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இடம் கிடைத்த அழுகை என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி சொன்னார்.

"உள்ள நான் சொன்னத உங்கம்மாகிட்ட சொல்லிடாத. கார்த்திகைன்னு சாட்சி சொன்னது அதுதான."

"சொல்லமாட்டேம்பா" என்றேன்.